'உடனே' என்று நின்ற தாள்

பஸ்லினா கலகெதரையிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வருகிறவள். வயது முப்பத்து நாலு. இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் கட்டாரில் டிரைவர். ரஸீன் முதலாளியின் அச்சுக் கடையில், மேல்மாடி ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர் அவளுடையது. இணையப் பக்கங்கள் செய்வது அவள் வேலை. கீழே தாள் வெட்டுவது, புத்தகம் கட்டுவது, போட்டோ கொப்பி அடிப்பது எல்லாம் கணபதியாகிய என் வேலை. நான் கலஹா பஸ்ஸில் வருகிறேன், அவள் கலகெதர பஸ்ஸில் வருகிறாள். இரண்டு பேரும் எட்டரைக்குக் கடைப் படியில் நிற்போம்.

அவளுடைய வாப்பா கலகெதர சந்தியில் இரும்புக் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம். அங்கேயே சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். கல்யாணம் ஆகி, இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கினாள். கண்டியில் ஒரு வகுப்பு, மீதி எல்லாம் போனில் பார்த்துப் பார்த்து. மாமியார், "ஆறு மாசம் நான் புள்ளைகளப் பாக்குற, அதுக்குப் பொறகு பாப்பம்" என்றார். ரஸீன் முதலாளியும் "ஆறு மாசம் பாப்பம்" என்றுதான் வேலை கொடுத்தார். இரண்டு ஆறு மாதமும் ஒரே வெள்ளிக்கிழமையில் முடிவதாக இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் அவள் தனியாகச் செய்த முதல் வேலை, ஒரு தாய் சேய் நலச் சங்கத்தின் பக்கம். அது சரியாக அமைந்தால் சங்கத்தின் மற்றப் பக்கங்கள் எல்லாம் அவளுக்கே வரும், வேலையும் நிரந்தரமாகும். பிழையாகிப் போனால் வேலையை விட்டுவிட்டுக் கலகெதரைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். இதைக் கடையில் எல்லோருக்கும் அவளே சொல்லி வைத்திருந்தாள்.

சங்கத்தின் செயலாளர் லீலாதேவி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த பிள்ளையை முதல் மாதம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒன்பது குறிப்புகள் எழுதிக் கொண்டு வந்தார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும். திரையில் மூன்றும் மூன்று பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் தோட்டத்துத் தாய்மார் திரையில் பார்க்கப் போவதில்லை. மருத்துவிச்சிகள் அந்தந்த ஊர்க் கொம்யுனிகேஷன் கடையில் பக்கத்தைத் திறந்து, தாளில் அடித்து, கையில் கொடுப்பார்கள். அதனால் மிஸ்ஸுக்குத் திரை முக்கியமில்லை. தாள்தான் முக்கியம்.

முதல் தாளைப் பார்த்ததுமே அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பிள்ளை இது? திரையிலை மூண்டும் வரிசையா நிண்டது. தாளிலை ஒண்டுக்குக் கீழை ஒண்டு விழுந்து கிடக்கு."

"தாள் அகலம் கொறவு மிஸ். பக்கம் இதப் போன் எண்டு நெனச்சிட்டு."

"போனோ? நான் போன் கேக்கேல்லை. தாள் கேட்டனான்."

பிறகு பஸ்லினா சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். சின்னத் திரையில் மூன்று பத்தி கொள்ளாது என்று, போனுக்கு மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்படி ஒரு சட்டம் எழுதியிருக்கிறாள். பக்கத்தின் தோற்றத்துக்குச் சட்டம் எழுதும் அந்த மொழிக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். ஏ-ஃபோர் தாளின் அகலமும் அந்தச் சின்னத் திரைக் கணக்கில் விழுந்துவிட்டது. சிங்களம் முதல் தாள், தமிழ் இரண்டாம் தாள், ஆங்கிலம் மூன்றாம் தாள் என்று வந்தது அதனால்தான்.

"திரைக்கு ஒரு சட்டம், தாளுக்கு ஒரு சட்டம் அண்ணே. தாளுக்கு நான் இன்னம் எழுதவே இல்ல."

எழுதினாள். இரண்டாவது முறை மூன்று பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஆனால் இடது பக்கத்துப் பட்டன் வரிசையும் சேர்ந்து அச்சாகி, தாளில் கால்வாசியை அது தின்றுவிட்டது. ஓரத்தில் ஆங்கிலம் பாதியில் அறுந்தது. அமத்தினால் ஒன்றும் நடக்காத பட்டனைத் தாளில் போட்டு என்ன பிரயோசனம் என்று மிஸ் கேட்டார். மூன்றாவது முறை பட்டன்களைத் தாளில் தெரியாமல் மறைத்தாள், தாளைப் படுக்கைவாட்டில் போட்டாள். இந்த முறை பார்க்க லட்சணமாக இருந்தது. ரஸீன் முதலாளிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மிஸ், தமிழ்தான் மிச்சம் நீட்டு. அடிக்குக் கிட்ட வந்து நிக்கிது. கொஞ்சம் சுருக்கேலுமா?"

"ஏன், சிங்களத்தைச் சுருக்கினனீங்களோ?"

முதலாளி கீழே இறங்கி வந்துவிட்டார்.

மிஸ் அந்தத் தாளை அங்கேயே முழுதும் வாசித்து, சரி என்றார். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு பத்தாவது குறிப்பு ஒன்று வேண்டும் என்று நினைத்தார். பிள்ளைக்கு என்னென்ன வந்தால் ஆபத்து, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது. மூன்று மொழியிலும் எழுதிப் போனில் அனுப்பினார். பஸ்லினா அதைச் சேர்த்தாள், ஒரு தாள் அடித்தாள், அடிமட்டம் வைத்து ஓரங்களைப் பார்த்தாள்.

"தமிழும் பாத்தனீரோ?" என்று மிஸ் போனில் கேட்டார்.

"பாத்த மிஸ். எல்லாம் சரி."

அன்றைக்கே பக்கம் இணையத்தில் ஏறியது. மருத்துவிச்சிகளுக்கு முதல் தவணைக்குப் போதும் என்று, நூற்றுப் பத்துத் தாள் கடையிலேயே அடித்து, கலஹா, ஹுன்னஸ்கிரிய, கலகெதர என்று கிளினிக்குகளுக்கு அனுப்பினோம். கட்டுக் கட்டியது நான்தான். நானும் எழுத்தைப் பார்க்கவில்லை. தாள் எண்ணுகிறவன் எழுத்தைப் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் என் மகள் சுதர்சினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. முதல் பேத்தி. தலை நிறைய முடி. இங்கே அதைப் பற்றிச் சொல்ல வரவில்லை, அதனால் இவ்வளவோடு நிறுத்துகிறேன். பிள்ளைக்குப் பத்தொன்பது நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவிச்சி வந்து எடை பார்த்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். சுதர்சினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்தாள்.

"அப்பா, இது உங்க கடையில செஞ்சதா?"

"ஆமா. நான்தான் கட்டுனேன்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. புள்ள பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டால், மூச்சு வேகமாக எடுத்தால், உடனே. உடனே என்னா?"

"கீழ இருக்கும் பாரு."

"கீழ ஒண்ணும் இல்லப்பா. திருப்பியும் பாத்துட்டேன். உடனே என்னா பண்றது, ஆடுறதா?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனாலும் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சிங்களப் பத்தி முடிந்து, கீழே இரண்டு விரல் அகலம் வெள்ளையாக இருந்தது. ஆங்கிலமும் அப்படித்தான். தமிழ் மட்டும் அடிவரை வந்து, 'உடனே' என்று நின்றது. அதற்குக் கீழே கோடு. பேத்தி அப்போது சத்தமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் யாரும் பயப்படவில்லை. நான் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மேல்மாடிக்குப் போனேன்.

"தங்கச்சி, இத ஒருக்கா பாருங்க."

அவள் தாளைப் பார்த்தாள். மேலே, கீழே, ஓரம் எல்லாம் பார்த்தாள். "சரியாத்தானே ஈக்கி?"

"எங்க சரி? தமிழ்ல கடைசி வரிய படிங்க."

தாளை என் பக்கம் நீட்டினாள். "நீங்க படிங்கண்ணே."

"கண்ணாடி கீழ இருக்கு. நீங்க படிங்களேன்."

"எனக்குத் தெரியாண்ணே."

"என்னா தெரியாது?"

"தமிழ் வாசிக்க."

நான் சிரித்தேன். பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். "இப்ப என்னா பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"பேசுற வேற. நான் சிங்களத்துல படிச்ச. இங்லிஷ் வாசிப்பேன், ஓதுறதுக்கு அரபு எழுத்தும் தெரியும். இதுதான் தெரியா. வீட்டுல பேசுற பாஷதானே, யாரும் படிச்சித் தரவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல."

"அப்ப லீலாதேவி மிஸ்ஸுக்கிட்ட பாத்தேன்னு சொன்னீங்களே?"

"பாத்ததான். பத்தி இருந்த, எழுத்து இருந்த, ஓரம் நேரா இருந்த. வாசகம் முடிஞ்சிட்டா இல்லையாண்டு எனக்கு எப்படித் தெரியும்? பூப் போட்ட சீலய பாக்குற மாதிரித்தான் பாத்த."

நான் தாளைத் தூரப் பிடித்து அந்த வரியை வாசித்தேன். 'உடனே' என்றதும் நிறுத்தினேன். அவள் முகம் மாறியது. கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

பிழை இருந்த இடத்தை அவள் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பத்தியையும் ஒரே உயரமான பெட்டிக்குள் வைத்திருந்தாள். திரையில் பெட்டிக்குள் எழுத்துக் கொள்ளாவிட்டால் விரலால் தள்ளிக் கீழே போய் வாசிக்கலாம். தாளில் யார் தள்ளுவது? பெட்டிக்கு வெளியே இருப்பதைத் தாள் அச்சடிக்காது. ஒன்பது குறிப்பு இருந்தபோது தமிழுக்குக் கீழே இரண்டு மூன்று வரிக்குத்தான் இடம் இருந்தது. பத்தாவது வந்ததும் இரண்டு வரி வெளியே போய்விட்டது. திரையில் அவள் தமிழைத் தள்ளிப் பார்க்கவே இல்லை. தள்ளிப் பார்த்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

"ரஸீன் நானாட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி நான் ஏன் சொல்லப் போறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு முந்தி நானே சொல்ற."

அன்றைக்கே இணையத்திலிருந்து பக்கத்தை எடுத்துவிட்டாள். பெட்டியின் உயரத்தை எடுத்துவிட்டு அடித்தாள். நான் வாசித்தேன். இப்போது தமிழ் முழுதும் வந்தது. ஆனால் பத்தாவது குறிப்பு முதல் தாளில் தொடங்கி, இரண்டாவது தாளில் போய் முடிந்தது. அந்த இரண்டாவது தாளில் வேறு ஒன்றுமே இல்லை. நடுவில் இரண்டு வரி, மீதி வெள்ளை.

"இந்தத் தாளை வீட்டுல ஒருத்தரும் வச்சிருக்க மாட்டாங்க தங்கச்சி. வெத்துத் தாளுன்னு அடுப்புல போட்டுருவாங்க."

"அப்ப பழைய பிழைதான் திரும்பி வார."

செவ்வாய்க்கிழமை எழுத்தைச் சின்னதாக்கினாள். அடக்கியது, ஆனால் எனக்குக் கண்ணாடி போட்டும் வாசிக்க வரவில்லை. புதன்கிழமை தமிழ்ப் பத்தியை மட்டும் அகலமாக்கினாள். ஆங்கிலம் ஒடுங்கி, ஒரு வரிக்கு இரண்டு சொல் என்று தாளின் அடிக்கு இறங்கியது. அவள் பகல் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, பையில் இருந்த மகளின் பள்ளிக்கூடப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். பாதியில் பேனையை வைத்துவிட்டாள்.

"அண்ணே, இதப் பாருங்க."

எல்லா அரசாங்கக் கந்தோரிலும் கொடுக்கும் படிவம் போலத்தான் இருந்தது. பிள்ளையின் பெயர் என்று மூன்று மொழியிலும் ஒரு வரி. பிறந்த திகதி என்று மூன்று மொழியிலும் அடுத்த வரி.

"என்னா இதுல?"

"நான் மொழிக்கு ஒரு பெட்டி கட்டினேன். இவங்க விஷயத்துக்கு ஒரு பெட்டி கட்டி ஈக்காங்க. இப்படிக் கட்டினா ஒரு மொழி முந்தி ஓடவும் ஏலா, பிந்தி நிக்கவும் ஏலா."

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினாள். ஒரு குறிப்பு ஒரு வரிசை. அந்த வரிசைக்குள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் பக்கத்தில் பக்கத்தில். எது நீளமோ அந்த அளவுக்கு வரிசை உயரும். தாளுக்கான சட்டத்தில் இரண்டு கட்டளை சேர்த்தாள். வரிசையை நடுவில் உடைக்கக் கூடாது, இடம் போதாவிட்டால் முழு வரிசையும் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளின் தலையிலும் தலைப்பு மறுபடி வர வேண்டும், அப்போதுதான் இரண்டாம் தாளை யாரும் வெத்துத் தாள் என்று நினைக்க மாட்டார்கள். அடித்தபோது இரண்டு தாள் வந்தது. முதல் தாளில் ஆறு குறிப்பு, இரண்டாவதில் நாலு. நான் பத்தையும் வாசித்தேன். ஒவ்வொன்று முடியும்போதும் "முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு."

வெள்ளிக்கிழமை லீலாதேவி மிஸ் பத்து மணிக்கு வந்தார். பஸ்லினா அவருக்குக் கதிரை போட்டுவிட்டு, முதலாளியையும் மேலே கூப்பிட்டாள். நான் புதுத் தாளோடு நின்றேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மிஸ், போன தாள்ல தமிழ் கடைசி ரெண்டு வரி இல்ல. அது என்ட பிழை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா."

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். "என்னது? ஆறு மாசமா இத சொல்லவே இல்லியே நீங்க?"

"நீங்க கேக்கல்லியே நானா."

"தமிழ் பேசுற ஆளுட்டத் தமிழ் தெரியுமாண்டு கேப்பாங்களா?"

லீலாதேவி மிஸ் பழைய தாளை எடுத்துக் கடைசி வரியை வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தன் எண்டு சொன்னனீர் எல்லே?"

"சொன்ன மிஸ். பாத்த, வாசிக்கல்ல."

"ஆபத்துக் குறிப்புப் பிள்ளை இது. மற்ற ஒன்பதும் போனாலும் இது போகக் கூடாது. எத்தினை தாள் வெளியிலை நிக்குது?"

"நூத்திப் பத்து."

"எங்கையெங்கை?"

அவள் ஒன்றையும் பார்க்காமல் சொன்னாள். கலஹா கிளினிக்குக்கு முப்பது, ஹுன்னஸ்கிரியவுக்கு நாற்பது, கலகெதரைக்கு நாற்பது. மிஸ் புதுத் தாள் இரண்டையும் வாசித்தார். வாசித்து முடித்தும் அவர் சரி என்று சொல்லவில்லை.

"உங்கடை மெஷினிலை வடிவாத்தான் வரும். தோட்டத்துப் பக்கத்துக் கடையிலை வருமோ? எழும்புங்கோ, போய்ப் பாப்பம்."

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய கொம்யுனிகேஷன் கடைக்கு நாலு பேரும் நடந்தோம். அங்கே இருந்த கம்ப்யூட்டர் என் மகளை விடக் கொஞ்சம்தான் இளையது. பஸ்லினா காலையில் இணையத்தில் ஏற்றியிருந்த புதுப் பக்கத்தைத் திறந்து அடிக்கச் சொன்னோம். அந்தக் கம்ப்யூட்டர், தாளைப் படுக்கைவாட்டில் போடு என்ற கட்டளையைக் கேட்கவே இல்லை. நிமிர்த்தியே அடித்தது. எழுத்தும் மங்கல். ஒன்று, இரண்டு, மூன்றாவது தாளும் வந்தது. பஸ்லினா சுவரைப் பார்த்தாள்.

"மூண்டு தாளோ?" என்றார் மிஸ்.

"மூணு தாள் எண்டாலும் ஒண்டும் அறாது மிஸ்," என்றாள். ஆனால் தாளை அவள் தொடவில்லை. மிஸ் அதை என் பக்கம் நீட்டினார்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் சத்தமாகவே வாசித்தேன். எந்தக் குறிப்பும் நடுவில் உடையவில்லை. ஒவ்வொரு தாளிலும் தலைப்பு இருந்தது. கடைசியில் பத்தாவது. "பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டால், மூச்சு வேகமாக எடுத்தால், உடனே பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்."

"முடிஞ்சிட்டா?" என்று பஸ்லினா கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு."

போட்டோ கொப்பிக்கு நின்ற ஒரு பெண், "பெரியவரே, எந்தப் புள்ளைக்கு என்னா?" என்று பதறிக் கேட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வரும் வழியில் மிஸ் தீர்ப்பைச் சொன்னார். "தாள் சரி. ஆனால் பழைய தாள் ஒண்டும் வெளியிலை நிக்கக் கூடாது. நூற்றுப் பத்தும் என்ரை கைக்கு வந்தாப் பிறகு மற்றப் பக்கங்களைப் பற்றிக் கதைப்பம்."

"அப்ப ஒங்கட ஆறு மாசமும் அதுவரைக்கும் நீண்டிக்கி," என்றார் முதலாளி. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

பஸ்லினா மாமியாரிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்டாள். மாமியார் என்ன சொன்னார் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளே புதுத் தாள் கட்டோடு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினாள். பெரும்பாலான தாள்கள் இன்னும் கிளினிக் அலுமாரிகளிலேயே இருந்தன. கொடுத்து முடிந்தவற்றுக்கு மருத்துவிச்சியிடம் பெயர் வாங்கி வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் தாள் சீனி டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை அதில் பஸ் வரைந்திருந்தது. வரைந்த படத்தைக் கொடுக்க மாட்டேன் என்று அழுததால், அதைப் போலவே இன்னொரு பஸ் வரைந்து கொடுத்துவிட்டு வாங்கி வந்தாளாம். சங்கத்துக்குக் கொடுத்த கட்டில் அந்த பஸ்ஸும் இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை கலஹாவுக்கு வந்தாள். கடைசி மூன்று தாளும் அங்கேதான். ஒன்றை நான் ஏற்கெனவே கடைக்குக் கொண்டு போயிருந்தேன், அதையும் சேர்த்துத்தான் எண்ணினாள். மற்ற இரண்டில் ஒன்றைக் கேட்டதும் கொடுத்தார்கள், மற்றதைச் சோற்றுப் பசை போட்டுத் தோட்டத்து லயத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கரண்டியால் சுரண்டி எடுத்து, புதுசை ஒட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நகத்தில் சுண்ணாம்பு இருந்தது. வாசலிலேயே நின்று போன் எடுத்தாள்.

"மிஸ், நூத்திப் பத்தும் வந்திட்டு. ஓ மிஸ், சுரண்டி எடுத்ததும் சேத்துத்தான். பாதி கிழிஞ்சிக்கி, ஆனா ஈக்கி."

அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. மிஸ்ஸின் குரல் எப்போதும் பெரிது.

"அப்ப திங்கக்கிழமை பத்து மணிக்கு வாறன். பதினொரு பக்கம் இருக்கு. அந்தக் கணபதியையும் மேலை வந்து இருக்கச் சொல்லும், கண்ணாடியோடை."

பஸ்லினா போனை வைத்துவிட்டு, கை கழுவ எங்கே என்று கேட்டாள். கழுவிவிட்டு வந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள். சுதர்சினி தேத்தண்ணி ஊற்றினாள்.

"அக்கா, அந்த உடனேக்கு அப்புறம் என்னான்னு எனக்கு யாருமே சொல்லல. அப்பாவும் மறந்துட்டாரு."

பஸ்லினா பையிலிருந்து புதுத் தாளை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். ஒரு கையில் பிள்ளை. மறு கை விரலைத் தமிழில் வைத்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். "பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டால், மூச்சு வேகமாக எடுத்தால், உடனே பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்."

விரல் எட்டாவது குறிப்பில் இருந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற இடத்தில். சுதர்சினி என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.